சனிக்கிழமைப் பூரணி

பூரணிக்குக் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. முந்தின நாள் முழுக்க ஈரக் கொழுந்தோடு கூடை முதுகில் தொங்கியதில், கயிறு அழுத்திய உச்சந்தலையிலிருந்து பிடரி வரைக்கும் ஒரே இறுக்கம். நோட்டன் பிரிட்ஜ் பக்கமிருந்து அட்டனுக்குப் போகும் காலை பஸ்ஸில் யாராவது கூப்பிட்டால் ஆளோடு சேர்ந்து திரும்ப வேண்டியிருந்தது. கண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ன" என்று முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தான். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கொஞ்சம் தூங்கினாள். வலி கிடந்துவிட்டுப் போகட்டும். இன்றைக்குச் சனிக்கிழமை.

அட்டன் டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் பல்கலைக்கழகமொன்றின் வெளிவாரி நிலையம் இருந்தது. உயர்தரம் பாஸ் பண்ணி, கம்பஸ் கிடைக்காமல் நின்றவர்களுக்காகத் தொடங்கியது. அந்த வருடம், இரண்டாயிரத்து நான்கில், அங்கே நடந்த பாடத்தின் பெயர் கணினி வலையமைப்பு அறிமுகம். வகுப்பு சனிக்கிழமைகளில் மட்டும். நூற்றுக்கு எண்பது வரவு இருந்தால்தான் சோதனை எழுதலாம். சோதனையில் தேறினால் டவுனில் ஏதாவது ஒரு ஒபிசில் உட்கார்ந்து வேலை செய்யலாம் என்று பூரணி நம்பினாள். உட்கார்ந்து செய்கிற வேலை. அவளுடைய ஆசை அதற்கு மேல் போனதில்லை.

சிக்கல் என்னவென்றால், பூரணி தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்த ஆள். அப்பா செத்த பிறகு, அம்மா அம்மாக்கண்ணுவுக்கு முட்டி இரண்டும் மடங்காமல் போனபோது, தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பரா கையை விட்டுப் போகாமலிருக்க அந்த வீட்டிலிருந்து ஒரு பேர் தொழிலாளர் பதிவான செக்ரோலில் இருந்தாக வேண்டியிருந்தது. சனிக்கிழமை சனிக்கிழமை காணாமல் போகிறவர்களின் பேரை வெட்டிவிடுவேன் என்று துரை காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் வைத்தே சொல்லியிருந்தார். அது கொழுந்து பெருகிற காலம் வேறு.

வழி சொன்னது காளியாயிதான். இரண்டு காம்பரா தள்ளி மகள் நாகலெட்சுமியோடு இருந்தவள். அறுபது ஆனதும் பேரை வெட்டிவிட்டார்கள். கையில் வேகம் மட்டும் அப்படியே இருந்தது. மகளுடைய புருசன் கொழும்புக்கு ஹோட்டல் வேலைக்குப் போய் ஆளே இல்லை, வீட்டில் இரண்டு பிள்ளைகள்.

"ஒனக்குப் பேரு இருக்கு, நேரமில்ல. எனக்கு நேரம் கெடக்கு, பேரு இல்ல. சனிக்கெழம மட்டும் நா போறேன் புள்ள. அன்னிக்கிச் சம்பளம் எனக்கு. சரிதானே."

கங்காணி செல்லசாமி பூரணிக்குத் தூரத்து மாமா. முதலில் மாட்டேன் என்றார். பிறகு, கம்பளியும் பொலித்தீனும் போட்டு முக்காடிட்டால் மழையில் யார் யாரென்று ரோட்டிலிருந்து மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கையாவுக்குத் தெரியாது என்று அவராகவே ஒரு சமாதானத்துக்கு வந்தார். ஒரேயொரு நிபந்தனை.

"மலையில எவளும் காளியாயின்னு கூப்புடக் கூடாது. சனிக்கெழம வந்தா அது பூரணி. புரியுதா? கண்டாக்கையா காதுல வேற பேரு விழுந்துச்சுன்னா எல்லாருக்கும் சோறு போச்சு."

"அப்ப சனிக்கெழமயில எனக்கு இருவத்தொரு வயசு" என்றாள் காளியாயி. "அப்புடியே ஒரு மாப்பிள்ளயும் பாருய்யா கங்காணி."

மலையே சிரித்தது. அப்படித்தான் அந்த ஏற்பாடு தொடங்கியது. தோட்டத்தில் அது புதிய விசயமும் இல்லை. அம்மாவுக்கு மகள், அக்காளுக்குத் தங்கச்சி என்று பேர் மாறி வேலைக்குப் போகிறது காலங்காலமாக நடப்பதுதான். ஆபிசுக்குக் கொழுந்து வந்து சேர்ந்தால் போதும்.

அன்றைக்கு வகுப்பில் பாதிப் பேருக்குத் தூக்கம். கீழே கொத்து ரொட்டி போடுகிற தகரச் சத்தம் மேலே வரைக்கும் கேட்டது. ஊர்மிளா மிஸ் யாழ்ப்பாணத்துக்காரி. அட்டனில் ஒரு பாடசாலையில் படிப்பித்துக்கொண்டு சனிக்கிழமைகளில் இங்கே வருகிறவர். பழைய கம்ப்யூட்டர்களை நீல வயரால் ஒன்றோடொன்று இணைத்து, நடுவில் ஒரு சின்னப் பெட்டியை வைத்திருந்தார். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு விலாசம் கொடுக்க வேண்டும். விலாசம் என்றால் புள்ளி வைத்துப் பிரித்த நாலு எண்கள். கொடுத்த பிறகு பக்கத்து மெசினைக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். பதில் வந்தால் இணைப்புச் சரி.

பூரணியின் விரல் நுனிகள் கொழுந்துப் பால் ஏறிக் கறுத்துக் கிடந்தன. கீபோர்டில் கை வைக்கும்போதெல்லாம் அவள் விரலை உள்ளே மடக்கிக்கொள்வாள். அதனால் தட்டுவது மெதுவாகத்தான் நடக்கும். அவள் எண்களைப் போட்டு முடித்துப் பக்கத்து மெசினைக் கூப்பிட்டாள். பதில் வந்தது. இன்னொரு தரம் கூப்பிட்டாள். வரவில்லை. திரையில் ஏதோ எச்சரிக்கை வந்து நின்றது.

"மிஸ், என்னோடது செத்துப் போச்சு."

"சாகேல்லை. பொறும் வாறன்." மிஸ் வந்து குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து வகுப்பைப் பார்த்தார். "ஆர் உந்த வேலை பாத்தது? ஆரோ பூரணியின்ர விலாசத்தை எடுத்துப் போட்டிருக்கினம்."

பக்கத்தில் இருந்த தனுஷன் தலையைச் சொறிந்தான். டிக்கோயாவில் கடை வைத்திருக்கிறவரின் மகன். எதையும் தானாகச் செய்யாமல் பார்த்து எழுதியே பழகியவன்.

"அக்கா போட்டிருந்தாங்க, சரியாத்தான் இருக்கும்னு நானும் போட்டேன் மிஸ்."

"கணக்கெண்டால் பாத்து எழுதலாம் தம்பி. இது விலாசம். ஒரு வலையமைப்புக்குள்ள ஒரு விலாசத்திலை ரண்டு பேர் இருக்கேலாது. இருந்தால் அனுப்பிறது ஆருக்குப் போய்ச் சேருமெண்டு சொல்லேலாது. ரண்டு பேருக்கும் கரைச்சல்தான்."

"சொல்லாமக் கொள்ளாம எங்க காம்பராவுல குடி வந்துட்டான் மிஸ்" என்றாள் பூரணி.

"வாடக தாறேங்க்கா."

தூக்கமெல்லாம் போய் எல்லோரும் சிரித்தார்கள். மிஸ்ஸுக்கும் சிரிப்பு வந்தது. "இண்டைக்குக் கூத்து முழுக்க உம்மட மெசினிலைதான்" என்று பூரணியின் தோளில் தட்டினார். கழுத்து வலியில் பூரணி துள்ளிவிட்டாள். அதற்கும் சிரித்தார்கள்.

பின்னேரம் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி லயத்துப் பாதையில் ஏறும்போதே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. பீலியடியில் யாரும் இல்லை. தண்ணீர் தன்பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது. வாசலில் அம்மாக்கண்ணு நின்றாள். முட்டி வலிக்காரி, நிற்கவே மாட்டாதவள், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ அட்டனுக்குப் போவல. காலையில மலைக்குப் போன, காய்ச்சல்னு மத்தியானமே வந்துட்ட. வீட்டுலதான் படுத்துக் கெடந்த. எவ கேட்டாலும் அதான். உள்ள வா."

"என்னம்மா ஆச்சு?"

"குளவி" என்றாள் அம்மா. "காளியாயி போயிருச்சு."

பூரணி பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. அப்படியே மண்தரையில் உட்கார்ந்தாள்.

இருட்டுவதற்குள் செல்லசாமி வந்துவிட்டார். வந்ததும் கதவைச் சாத்தினார். அவருடைய நெற்றியிலும் இரண்டு இடம் வீங்கியிருந்தது.

"கேளு. மத்தியானம் கொழுந்து நிறுவ முடிஞ்ச ஒடனே ஒனக்கு அர நாளுக்கு அரப்பேரு போட்டேன். காய்ச்சல்னு வீட்டுக்குப் போயிட்ட. அதுக்குப் பொறவு காளியாயி வெறகு பொறுக்க மலைக்குள்ள வந்துச்சு, குளவி கலஞ்சு கொட்டிருச்சு. ஆபிசுல அப்புடித்தான் சொல்லிருக்கேன். தொரயும் அப்புடித்தான் எழுதிருக்காரு."

"வெறகா?"

"பின்ன என்னத்தச் சொல்ல? பேரில்லாத ஆள நான்தான் வேலைக்கு வச்சேன்னு சொல்லவா? எனக்குக் கங்காணி வேல போவும். ஒன் பேர வெட்டுவாங்க. பேரு போனா காம்பரா போவும். ஒங்கம்மாவ எங்க வச்சுக் காப்பாத்துவ, பஸ் ஸ்டாண்டுலயா?"

அம்மாக்கண்ணு அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

சாவு வீட்டில் பெண்கள் மாரடித்து அழுதுகொண்டிருந்தார்கள். பெட்டிக்குள் காளியாயியின் முகம் முகமாக இல்லை. வீங்கிக் கண் இரண்டும் மறைந்து போயிருந்தது. பூரணி பார்த்துவிட்டு வெளியே வந்தாள். மலையில் எப்போதும் காளியாயிக்குப் பக்கத்து நிரையில் நிற்கிற ராசம்மா வாசலில் குந்தியிருந்தாள். கேட்காமலே சொன்னாள்.

"நாந்தான் மொதல்ல பாத்தேன். மேல மரத்துலருந்து கருப்பா எறங்குச்சு. எல்லாரும் கத்துனோம். என்னான்னு கத்துனோம் தெரியுமா? பூரணி, பூரணின்னு. சனிக்கெழம ஆனா அப்புடியே வாயி பழகிப் போச்சு பாரு. கங்காணியும் பூரணி கீழ எறங்குன்னுதான் தொண்ட கிழியக் கத்துனாரு. அது எவளையோ கூப்புடுறாளுகன்னு குனிஞ்ச தல நிமிராமக் கொழுந்து எடுத்துக்கிட்டே நின்னுச்சு. நாங்க ஓடி, இடுப்புல கட்டுன படங்க அவுத்துப் போத்திக்கிட்டுப் படுத்துட்டோம். காளியாயின்னு ஒருத்தி கூப்புட்டிருந்தா திரும்பியிருக்கும்."

பூரணி தண்ணீர் ஓடுகிற கான் ஓரத்தில் போய் நின்றாள்.

உடலைக் கொடுப்பதற்கு முன்பே மரண விசாரணை அதிகாரி ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். சிங்களவர், நல்ல மனிதர். அவசரத்தில் இருந்தார். அன்றைக்கு அந்த மலையில் வேலைக்கு இருந்தவர்களின் பெயர்களைத் தோட்டத்திலிருந்து கொடுத்திருந்தார்கள். பூரணியின் பெயரும் இருந்ததால் அவளையும் கூப்பிட்டார்கள். அதிகாரி கேட்டதைச் செல்லசாமி தமிழில் சொன்னார். கேட்கும்போது அவர் பூரணியின் முகத்தைப் பார்க்கவில்லை, அவளுடைய காலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நீ போறதுக்கு முன்னால செத்துப்போன ஆள மலையில பாத்தியான்னு ஐயா கேக்குறாரு."

"பாத்தேன்."

"என்ன செஞ்சுக்கிட்டு இருந்துச்சு?"

தான் வாழ்க்கையில் பார்த்தேயிராத ஒன்றைப் பூரணி சொன்னாள். "வெறகு பொறுக்கிக்கிட்டு இருந்தாங்க."

அதிகாரி எழுதினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

காரியம் முடிந்து மூன்றாம் நாள் நாகலெட்சுமி வந்தாள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. வாசல் திண்ணையான இஸ்தோப்பில் நின்றபடியே பேசினாள். குரல் அழுது அழுது கட்டியிருந்தது.

"யூனியன் தலைவரு சொல்றாரு, ஆள் மாத்தி வேல வாங்குனாலும் தோட்டந்தான் பொறுப்பாம். வேலையில செத்தாங்கன்னு காட்டுனா கேஸ் போடலாமாம். ஆனா சாட்சி வேணுமாம். கங்காணி சொல்ல மாட்டாரு. மலையில நின்னவளுக எல்லாம் கங்காணிக்குப் பயந்தவளுக. நீ அட்டனுல இருந்தன்னு நீ சொன்னா போதும் பூரணி."

அம்மாக்கண்ணு முந்திக்கொண்டாள். "எங்கள எறக்கி விட்டுருவாங்க நாகு. இந்தக் கால வச்சுக்கிட்டு நா எங்க போவேன்?"

"எம் புள்ளைக என்னா, அரமணையிலயா இருக்குதுங்க? காசு எனக்குத் தேவதான், இல்லங்கல. அது கெடக்கட்டும் அத்த. எங்கம்மா தோட்டத்து வெறகு திருடப் போயி செத்துச்சுன்னு எழுதி வச்சிருக்காங்க. நாப்பது வருசம் கொழுந்து எடுத்தவங்க. ஒரு சுள்ளி திருடுனது கெடையாது."

அவள் பூரணியைப் பார்த்தாள். பூரணி சுவரைப் பார்த்தாள். சுவரில் புகை படிந்து எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது.

"கொஞ்சம் யோசிக்கணும் அக்கா."

"யோசி" என்றாள் நாகலெட்சுமி. "எங்கம்மா ஒனக்குப் பதிலா நிக்கிறதுக்கு யோசிக்கல."

காளியாயி செத்து இரண்டு வாரம் கழித்து வந்த சனிக்கிழமை செல்லசாமி எப்படியோ மருந்துக் காம்பராவில் ஒரு சீட்டு வாங்கிக் கொடுத்துப் பூரணியை அனுப்பிவைத்தார். "படிச்சு முடிச்சுத் தொலச்சுட்டு இங்கருந்து போயிரு புள்ள" என்றார். அவர் அதைக் கோபமாகச் சொன்னாரா கெஞ்சிச் சொன்னாரா என்று அவளுக்கு விளங்கவில்லை.

வகுப்பில் அன்றைக்கு ஒரு வலையமைப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் எப்படித் தாண்டிப் போகிறது என்று மிஸ் பலகையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பூரணி எழுதினாள். எழுதியது எதுவும் மண்டைக்குள் ஏறவில்லை. பாதியில் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவடியில் நாகலெட்சுமி நின்றாள். அடுத்த பஸ்ஸில் வந்திருக்க வேண்டும். நல்ல சேலை கட்டி, மழையில் பாதி நனைந்து, இவ்வளவு கம்ப்யூட்டரையும் பிள்ளைகளையும் பார்த்து ஒரு கணம் தயங்கினாள்.

"ஆரைப் பாக்க வந்தனீங்கள்?" என்றார் மிஸ்.

"ஒங்களத்தாங்க." நாகலெட்சுமி உள்ளே வராமல் கைகளைக் கட்டிக்கொண்டாள். "போன கெழமைக்கு மொதக் கெழம, சனிக்கெழம, இந்தப் புள்ள பூரணி இங்க படிக்க வந்துச்சுங்களா? அதக் கேட்டுட்டுப் போயிருவேன். அன்னிக்கித்தான் எங்கம்மா செத்துப் போனாங்க."

வகுப்பு முழுக்கத் திரும்பியது. தனுஷன் வாயைத் திறந்தான். மிஸ் கையைக் காட்டி அவனை நிறுத்தினார். பூரணியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் எதுவும் இல்லை. என்ன பிள்ளை இது, வந்ததை வந்தேன் என்று சொல்லிவிட்டுப் போயேன் என்பதுபோல ஒரு சாதாரணப் பார்வை.

பூரணி எழுந்து நின்றாள். முட்டி மடங்காத அம்மா நினைவுக்கு வந்தாள். சாமான்களை எல்லாம் வெளியே தூக்கிப் போட்ட ஒரு காம்பரா நினைவுக்கு வந்தது. போன வருடம் மேல் லயத்தில் அவளே பார்த்தது. பானையும் பாயும் மழையில் கிடந்தன. ஆஸ்பத்திரியில் அந்த அதிகாரி எழுதியதும் நினைவுக்கு வந்தது.

"நா அன்னிக்கி வரல மிஸ்."

கீழே கடையில் யாரோ சத்தமாகத் தேத்தண்ணி கேட்டார்கள்.

"வரேல்லையோ?" என்றார் மிஸ்.

"ஆமாங்க மிஸ். காய்ச்சல்."

மிஸ் மார்க்கர் பேனாவை மூடினார். மேசையில் வைத்தார். பிறகு நாகலெட்சுமியிடம், "பிள்ளை வரேல்லை எண்டு சொல்லுது அம்மா" என்றார். தான் எதுவும் சொல்லவில்லை என்பதை அவர் எப்படியோ அந்த ஒரு வாக்கியத்துக்குள் வைத்திருந்தார்.

"சரிங்க" என்றாள் நாகலெட்சுமி. "படிப்பிக்கிற நேரத்துல வந்துட்டேன், மன்னிச்சுக்கங்க." படியிறங்கிப் போனாள்.

வகுப்பு முடிந்ததும் மிஸ் பூரணியை மட்டும் நிற்கச் சொன்னார். தனுஷன் வெளியே போகும்போது அவளைப் பார்க்கவில்லை. மிஸ் கதவைச் சாத்தவில்லை, குரலை மட்டும் தணித்தார்.

"அண்டைக்கு உம்மட தோளிலை தட்டினது எனக்கு ஞாபகம் இருக்கு. உங்கட தோட்டத்துப் பிரச்சினை எனக்கு விளங்காது. உமக்கு ஏதும் பயமெண்டால் சொல்லும்."

பூரணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நீர் வரேல்லை எண்டால், வராத ஆளுக்கு நான் வரவு போடேலாது. மே மாசம் மண் சரிஞ்சு ரோட்டு அடைபட்ட நேரமும், போன கிழமையும் நீர் வரேல்லை. இதையும் வெட்டினால் எண்பது வராது. சோதினை எழுத விடமாட்டினம். யோசிச்சுத்தான் சொன்னீரோ?"

யோசிக்கவில்லை. வகுப்புக்கு வந்த ஒரு நாளை வரவில்லை என்று தானே சொன்னதால் அந்த நாளே இல்லாமல் போகும் என்பது அவள் மண்டைக்கு இப்போதுதான் எட்டியது. இந்த ஒரு பாடத்துக்காகத்தான் காளியாயி மலையில் நின்றாள். அந்தப் பாடமும் இனி இல்லை.

"ஆமாங்க மிஸ். வெட்டிருங்க."

மிஸ் பேனாவை எடுத்தார். அவர் எழுதி முடிக்கும் வரைக்கும் பூரணி நிற்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் நாகலெட்சுமி இன்னும் நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பக்கம் போக அந்த நேரத்தில் ஒரே பஸ்தான். இரண்டு பேரும் அதில்தான் ஏறினார்கள். நாகலெட்சுமிக்கு இடம் கிடைத்தது. பக்கத்தில் இன்னொரு இடமும் இருந்தது. அவள் நகர்ந்து ஜன்னலோரம் உட்கார்ந்து, பூரணி வந்து உட்காரட்டும் என்று இடம் விட்டாள். பூரணி உட்காரவில்லை. பொல்பிட்டிக்குப் போகிற கிழவர் ஒருவர் வந்து உட்கார்ந்துகொண்டார்.

இறங்கி ஏறுகிற பாதை ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடிகிற பாதை. நாகலெட்சுமி முன்னால் போனாள். இரண்டு பக்கமும் தேயிலை. எட்டத்தில் அந்த மலை. குளவிக் கூடு இருந்த மரத்தை இன்னும் யாரும் வெட்டவில்லை. பாதி வழியில் நாகலெட்சுமி நின்று திரும்பினாள்.

"நா ஒன்ன வையல பூரணி. ஒன் எடத்துல நின்னா நானும் என்னா சொல்லிருப்பேனோ. கேஸு வேணாம். தலைவருகிட்டயும் சொல்ல மாட்டேன். எங்கிட்ட மட்டும் ஒருக்கா சொல்லிரு. இங்க யாருமில்ல."

அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபமாவது இருந்திருந்தால் பூரணிக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாகலெட்சுமி இன்றைக்குக் கேட்டால் நாளைக்கு லயம் முழுக்கக் கேட்கும், அதற்கடுத்த நாள் ஆபிசுக்குப் போகும் என்று மனசு கணக்குப் போட்டது. நாகலெட்சுமி அப்படிப்பட்ட ஆள் இல்லை என்பதும் அதே மனசுக்குத் தெரியும்.

"மழ வருது அக்கா. நடங்க."

நாகலெட்சுமி சேலை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தாள். பூரணி அவளுக்கு இடம் விட்டு, நன்றாகத் தள்ளி, பின்னால் போனாள்.

உங்க அம்மா விறகு பொறுக்கவில்லை, என் பேரில் கொழுந்து எடுத்துக்கொண்டு நிற்கும்போதுதான் செத்தாங்க. பூரணி நாகலெட்சுமிக்குக் கொடுக்கவேண்டியிருந்தது இவ்வளவுதான். அவள் அதைக் கொடுக்கவில்லை.